மனாகுவா பள்ளிகளில் உருவான சைகை மொழி: ஒரு நிகழ்வு ஆய்வு

எதைப் பற்றி

நடு அமெரிக்க நாடான நிகராகுவாவின் தலைநகர் மனாகுவாவில், காது கேளாத பிள்ளைகளுக்கென்று 1977 முதல் நடந்த பள்ளிகளில் என்ன நிகழ்ந்தது என்பதை இக்கட்டுரை காலவரிசையில் பதிவு செய்கிறது. மொழியியல் வகுப்புகளில் இதை ஓர் அதிசயக் கதையாகச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவது வழக்கம்: யாரும் சொல்லித் தராமலேயே பிள்ளைகள் ஒரு மொழியை உண்டாக்கினார்கள் என்பதோடு கதை முடிந்துவிடும். எனக்கு அதிலுள்ள அதிசயத்தைவிடப் பள்ளி நிர்வாகம் எடுத்த முடிவுகளே பெரிதாகப் படுகின்றன. பிள்ளைகளை ஒரே கூரையின் கீழ் சேர்த்தது ஒரு முடிவு. அங்கே எந்த மொழியில் கற்பிப்பது என்பது இன்னொன்று. முதலாவதன் விளைவை யாரும் எதிர்பார்க்கவில்லை. இரண்டாவதிலிருந்து எதிர்பார்த்தது எதுவும் கைகூடவில்லை.

மாணவர், பெற்றோர், ஆசிரியர் எவர் பெயரும் இங்கே இல்லை. ஆய்வு செய்து வெளியிட்ட சிலரை மட்டும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறேன்.

பின்னணி

1970களின் இறுதி வரை நிகராகுவாவில் காது கேளாதவர்கள் இருந்தார்கள். காது கேளாதோர் சமூகம் என்று ஒன்று இருக்கவில்லை. ஊருக்கு ஒருவர், பேட்டைக்கு ஒருவர் என்று சிதறிக் கிடந்தார்கள். பெரும்பாலோருக்குப் பெற்றோர் காது கேட்பவர்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பலர் வீட்டை விட்டு வெளியே அனுப்புவதே இல்லை. தன்னைப் போல இன்னொருவர் உண்டு என்பதே தெரியாமல் வளர்ந்தவர்கள் இருந்தார்கள்.

ஆனால் வீட்டுக்குள் ஏதோ ஒரு பரிமாற்றம் நடந்துகொண்டுதான் இருந்தது. பசி, தூக்கம், வா, போ, அது வேண்டும் என்பதற்கெல்லாம் தாயும் பிள்ளையும் சேர்ந்து சைகைகளை வகுத்துக்கொள்வார்கள். ஆய்வாளர்கள் இதை வீட்டுச் சைகை என்கிறார்கள். இதன் குறை ஒன்றுதான்: வீட்டுக்குள் செல்லும் இந்தக் காசு தெருவில் செல்லாது. பக்கத்து ஊரிலுள்ள காது கேளாத பிள்ளையின் சைகை வேறாக இருக்கும்.

1977இல் மனாகுவாவின் சான் ஹூடாஸ் பகுதியில் தொடங்கிய சிறப்புக் கல்வி மையத்தில் ஏறத்தாழ 50 காது கேளாத சிறுவர்கள் சேர்ந்தார்கள். 1972ஆம் ஆண்டு டிசம்பர் நிலநடுக்கத்தில் இடிந்த நகரம் அப்போது முழுதாக எழுந்திருக்கவில்லை. 1979 ஜூலையில் சொமோசா குடும்பத்தின் ஆட்சியைக் கவிழ்த்து சாண்டினிஸ்டாக்கள் என்ற இடதுசாரிப் புரட்சியாளர்கள் பதவிக்கு வந்தபோது மாணவர் எண்ணிக்கை 100 ஆகியிருந்தது.

புதிய அரசு கல்வியைக் கையில் எடுத்த வேகத்தைச் சொன்னால்தான் அடுத்தது விளங்கும். 1980இல் ஐந்து மாதம் நடந்த எழுத்தறிவு இயக்கத்தில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களும் இளைஞர்களும் கிராமம் கிராமமாகப் போய்த் தங்கி எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். யுனெஸ்கோ அதற்குப் பரிசளித்தது. அந்த உற்சாகத்தின் தொடர்ச்சியாகவே சிறப்புக் கல்வியும் விரிவடைந்தது. 1980இல் வில்யா லிபர்தாத் பகுதியில் பதின்பருவத்தினருக்கான தொழிற்பயிற்சிப் பள்ளி திறக்கப்பட்டது. 1983 வாக்கில் இரண்டு பள்ளிகளிலும் சேர்த்து 400க்கும் மேற்பட்டோர் படித்தார்கள்.

இந்தத் தொழிற்பள்ளியைப் பலர் அடிக்குறிப்பாகக் கடந்துவிடுகிறார்கள். அது இல்லாதிருந்தால் சிறுவர்கள் தொடக்கப் பள்ளியை முடித்துவிட்டு மீண்டும் அவரவர் வீட்டுக்குள் ஒடுங்கியிருப்பார்கள். பதினான்கு, பதினைந்து வயதிலும் ஒருவரையொருவர் நாள்தோறும் சந்திக்க முடிந்ததால்தான் பழைய பிள்ளைகளின் கைவழக்கு புதிதாக வந்தவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

இரண்டாவது முடிவு: ஸ்பானியம் பேசக் கற்பிப்பது

வகுப்பறையில் கற்பித்தது ஸ்பானியம். உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வது, வாய்திறந்து உச்சரிப்பது, ஸ்பானிய எழுத்துகளை விரல்களால் ஒவ்வொன்றாகக் காட்டுவது ஆகியவை பயிற்சி.

இதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு சைகையை விலக்கிப் பேச்சுவழியிலேயே கற்பிக்க வேண்டும் என்று தீர்மானித்ததிலிருந்து உலகின் பெரும்பாலான காது கேளாதோர் பள்ளிகள் அந்த வழியில்தான் நடந்தன. நம் நாட்டுப் பள்ளிகளும் அதற்கு விலக்கல்ல. பிள்ளைகள் நாளை ஊரோடு ஒட்டி வாழ வேண்டும், அதற்கு ஊரின் மொழி தெரிய வேண்டும் என்பது ஆசிரியர்களின் வாதம். அதில் நல்லெண்ணம் இருந்தது. மேலும், கற்பிக்கலாம் என்றாலும் நிகராகுவாவில் அப்போது சொந்தச் சைகை மொழி எதுவும் இல்லை. ஆசிரியர்களுக்கும் வேறு எந்தச் சைகை மொழியும் தெரியாது.

பயிற்சி பலிக்காததற்குக் காரணம் எளிது. பிறவியிலேயே காது கேளாத பிள்ளைக்கு உதடு மிகக் குறைவாகவே தகவல் தருகிறது. கண்ணாடி முன் நின்று ஓசை எழுப்பாமல் ‘பட்டம்’, ‘மட்டம்’ என்று மாறி மாறிச் சொல்லிப் பாருங்கள். உதட்டில் வேறுபாடு தெரியாது. முன்பே மொழி தெரிந்தவர் சூழலை வைத்து ஊகித்துக்கொள்வார். மொழியே தெரியாத பிள்ளை எதை வைத்து ஊகிக்கும்? விரலெழுத்திலும் இதே சிக்கல்தான். ரொட்டிக்குரிய ஸ்பானியச் சொல்லை எழுத்துக்கூட்டி ஆசிரியர் மூன்று விரல்நிலைகளைக் காட்டுகிறார். காது கேட்கும் பிள்ளைக்கு அந்த எழுத்துகள் அதற்கு முன்பே தெரிந்த ஓர் ஒலியில் போய் ஒட்டிக்கொள்ளும். இங்கே ஒட்டிக்கொள்ள இடமில்லை.

வகுப்பறைக்கு வெளியே

பாடம் நடக்காத நேரத்தில் பிள்ளைகள் பேசிக்கொண்டிருந்தார்கள். விளையாடும் இடத்தில், பள்ளிப் பேருந்தில், தெருவில், ஆளுக்கொரு வீட்டிலிருந்து கொண்டுவந்த சைகைகளை வைத்துப் பேச ஆரம்பித்தார்கள். ஒருவர் காட்டியதை இன்னொருவர் எடுத்துக்கொண்டார். ஒரே பொருளுக்கு நான்கைந்து சைகைகள் இருந்தால் அவற்றில் ஒன்று நிலைத்தது, மற்றவை உதிர்ந்தன.

ஆசிரியர்களின் கண்ணில் இது ஸ்பானியம் ஏறாத பிள்ளைகளின் கைவீச்சு. நாளடைவில் பிள்ளைகள் தங்களுக்குள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதே ஆசிரியர்களுக்குப் புரியாமல் போனது.

இந்த ஆண்டுகளைப் பற்றி நாம் அறிந்தது பெரும்பாலும் பின்னாளில் பெரியவர்கள் நினைவிலிருந்து சொன்னவைதான். ஆகவே ஒன்றுமில்லாததிலிருந்து மொழி பிறந்தது என்ற முழக்கத்தை நான் கொஞ்சம் தள்ளியே வைக்கிறேன். வீட்டுச் சைகைகள் இருந்தன. நிகராகுவா மக்கள் பேச்சோடு சேர்த்துக் காட்டும் கையசைவுகள் இருந்தன. மூலச் சரக்கு எங்கிருந்து வந்தது என்பது தெரிந்ததே. அதை ஒழுங்குபடுத்திய இலக்கணம் எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி.

மூன்றாவது முடிவு: வெளியாரை அழைப்பது

1986இல் கல்வித் துறையினர் அமெரிக்காவிலிருந்து ஜூடி கெகல் என்ற மொழியியலாளரை வரவழைத்தார்கள். அவருக்கு அமெரிக்கச் சைகை மொழி தெரியும். காலத்தைக் கவனிக்க வேண்டும். சாண்டினிஸ்டா அரசை எதிர்த்துப் போரிட்ட கான்ட்ரா படையினருக்கு அமெரிக்கா ஆயுதமும் பணமும் தந்துகொண்டிருந்தது. முந்தைய ஆண்டுதான் வணிகத் தடையும் விதித்திருந்தது. அந்த நாட்டிலிருந்து ஒருவரை அழைத்து, ‘எங்கள் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துச் சொல்லுங்கள்’ என்று கேட்க ஒரு துணிவு வேண்டும். இந்த நிகழ்வில் நிர்வாகம் எடுத்த முடிவுகளிலேயே சிறந்தது இதுதான் என்பது என் கருத்து. தங்களுக்குப் புரியவில்லை என்று ஒரு துறை ஒப்புக்கொள்வது அடிக்கடி நடப்பதில்லை.

கெகல் முதலில் பார்த்தது தொழிற்பள்ளியின் பதின்பருவத்தினரை. அவர்கள் சைகையால் காரியம் நடத்தினார்கள். ஆனால் ஆளுக்கு ஆள் வேறுபட்டது. வசனமில்லாத கேலிப்படத்தைப் போட்டுக் காட்டி, பார்த்ததைத் திருப்பிச் சொல்லச் சொன்னால் நிகழ்ச்சிகளைத் துண்டு துண்டாக நடித்துக் காட்டினார்கள். பிறகு தொடக்கப் பள்ளிக்குப் போனார். அங்கே சிறுமி ஒருத்தி கைகளை வீசிப் பேசிய வேகமும் சீரும் அவரைத் திடுக்கிட வைத்தன. பெரியவர்களிடம் காணாத ஒழுங்கு சின்னவர்களிடம் இருந்தது.

கைகளில் தெரிந்த இலக்கணம்

அந்த ஒழுங்கு என்னவென்று அடுத்த ஆண்டுகளில் பலர் ஆராய்ந்தார்கள். ஆன் செங்காஸ் அவர்களில் முதன்மையானவர். அவரும் உடன் ஆய்வாளர் ஒருவரும் பள்ளியில் சேர்ந்த வயதையும் ஆண்டையும் வைத்து மாணவர்களைப் பிரித்துப் பார்த்தார்கள்.

ஒருவர் ‘பார்த்தான்’ என்று சைகை செய்கிறார், அடுத்து ‘கொடுத்தான்’ என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். யாரைப் பார்த்தான், யாருக்குக் கொடுத்தான்? 1983க்குப் பிறகு, பத்து வயதுக்குள் பள்ளிக்கு வந்தவர்கள் இரண்டு சைகைகளையும் ஒரே பக்கமாக, உதாரணமாக இடப்பக்கமாக, திருப்பிக் காட்டினால் பார்க்கப்பட்டவரும் பெற்றுக்கொண்டவரும் ஒரே ஆள் என்று பொருள். முன்னர் வந்த மூத்தவர்களும் சில வேளை கையைப் பக்கமாகத் திருப்பினார்கள்; ஆனால் அதற்கு இப்படியொரு நிலையான பொருள் இல்லை. தமிழில் ஒரு விகுதி செய்யும் வேலையை இங்கே கை திரும்பும் பக்கம் செய்கிறது.

2004இல் வெளியான இன்னோர் ஆய்வு இதைவிட நுட்பமானது. கேலிப்படத்தில் ஒரு பூனை கனமான பந்தை விழுங்கிவிட்டு மேட்டுத் தெருவில் உருண்டு இறங்குகிறது. ஸ்பானியம் பேசுவோர் இதை விவரிக்கும்போது கையைச் சுழற்றியபடியே கீழே இறக்கினார்கள். சுழற்சியும் இறக்கமும் ஒரே அசைவு. முதல் தலைமுறைச் சைகையாளர்களும், அதாவது தொடக்க ஆண்டுகளில் பள்ளிக்கு வந்தவர்களும், பெரும்பாலும் அப்படியே செய்தார்கள். பின்னால் வந்தவர்கள் முதலில் உருளுவதைக் காட்டி, பிறகு இறங்குவதைத் தனியே காட்டினார்கள். இரண்டாகப் பிரித்தபின் ஒவ்வொன்றையும் வேறு ஒன்றோடு சேர்க்கலாம். நாம் ‘உருண்டு இறங்கியது’ என்பதைப் பிரித்து ‘உருண்டு ஓடியது’, ‘தவழ்ந்து இறங்கியது’ என்று சொல்வதைப்போல. கண்ணால் கண்டதை அப்படியே நடித்துக் காட்டுவதற்கும் மொழியால் சொல்வதற்கும் உள்ள கோடு இங்கேதான் விழுகிறது. அதைக் கிழித்தவர்கள் சிறுவர்கள்.

மொழி வராத இடங்களில்

ஆசிரியர் பணியில் இருப்பவர்கள் இந்தப் பகுதியில்தான் நிதானிக்க வேண்டும்.

ஜென்னி பையர்ஸ், செங்காஸ் ஆகியோர் செய்த ஆய்வில் படக்கதை ஒன்றைக் காட்டினார்கள். ஒரு சிறுவன் விளையாட்டு ரயிலைக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அவன் இல்லாதபோது சகோதரன் அதை வேறிடத்தில் வைக்கிறான். திரும்பி வந்தவன் ரயிலை எங்கே தேடுவான்? கட்டிலுக்கடியில்தான், இடம் மாறியது அவனுக்குத் தெரியாதே. காது கேட்கும் குழந்தைகள் நான்கைந்து வயதில் இதைச் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். முதல் தலைமுறைச் சைகையாளர்கள், இருபது வயதைத் தாண்டி வேலைவெட்டி பார்ப்பவர்கள், பெரும்பாலும் தடுமாறினார்கள். அவர்களைவிட இளையவர்கள் தடுமாறவில்லை. பேச்சைக் கவனித்தபோது, நினைத்தான், அறிந்தான் என்ற வகைச் சைகைகள் மூத்தவர்களிடம் மிகக் குறைவு, இளையவர்களிடம் தாராளம்.

இரண்டு ஆண்டு கழித்து அதே ஆட்களைச் சோதித்தபோது மூத்தவர்கள் முன்னேறியிருந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் காது கேளாதோர் சங்கத்தில் இளையவர்களோடு பழகி அந்தச் சைகைகளைக் கற்றுக்கொண்டிருந்தார்கள். சொல் முதலில் வந்தது, புரிதல் பின்னால் வந்தது. பங்கேற்றவர்கள் மிகச் சிலர். ஆகவே எல்லா மனிதர்க்கும் இதை விரித்துப் பேசுவதில் நிதானம் தேவை. ஆனால் முப்பதை நெருங்கும் வயதிலும் இந்தப் பாதை மூடிப்போவதில்லை என்பது தெரிகிறது.

எல்லாம் அப்படித் திறந்தே இருந்துவிடவில்லை. இடம், வலம் என்பதை ஒரே சீராகக் குறிக்கும் வழக்கம் மூத்தவர்களிடம் இல்லை. கண்ணைக் கட்டிச் சுற்றிவிட்டு, ஒளித்துவைத்த பொருள் அறையின் எந்த மூலையில் இருக்கிறது என்று கேட்டால், அந்த வழக்கம் கைவந்தவர்களே நன்றாகச் செய்தார்கள். முதல் தலைமுறைப் பிள்ளைகளின் சைகையில் இல்லாத இலக்கணம் அவர்கள் வளர்ந்த பிறகும் பெரும்பாலும் வந்து சேரவில்லை. இன்றும் அவர்கள் பேசுவது மொழியின் ஆரம்ப கால வடிவத்தைத்தான்.

பள்ளிப் பக்கமே வராமல் வீட்டுச் சைகையோடு வளர்ந்து பெரியவர்களான சிலரிடம் வேறோர் ஆய்வுக் குழு எண்களைச் சோதித்து 2011இல் முடிவை வெளியிட்டது. அவர்கள் வேலை செய்து சம்பாதிப்பவர்கள், பணத்தைக் கையாள்பவர்கள். எண்ணிக்கையைக் காட்ட விரல்களை நீட்டவும் செய்கிறார்கள். ஆனால் மூன்றைத் தாண்டினால் விரல்கள் காட்டுவது கிட்டத்தட்ட சரியான எண். துல்லியமான எண் அல்ல. எண்களை வரிசையாகச் சொல்லும் பழக்கம் மொழியோடு வருவது என்று கொண்டால் இது புரிகிறது.

அடுத்து நடந்தவை

1986இலேயே காது கேளாத இளைஞர்கள் தங்களுக்கென்று தேசியச் சங்கம் ஒன்றைத் தொடங்கிவிட்டார்கள். பள்ளியை விட்டு வெளியேறிய பிறகும் கூடிப் பேச ஓர் இடம் கிடைத்தது. 1990களில் சைகை மெல்ல வகுப்பறைக்குள் வந்தது. முன்பு படித்தவர்களில் சிலர் உதவியாளர்களாகவும் ஆசிரியர்களாகவும் வகுப்பில் நின்றார்கள். 1997இல் சங்கம் நிகராகுவா சைகை மொழி அகராதியை வெளியிட்டது. 2009இல் நாடாளுமன்றம் 675ஆம் எண் சட்டத்தால் அம்மொழியை அங்கீகரித்தது. விளையாட்டு நேரத்துக் கைவீச்சு என்று கருதப்பட்டது சட்டப்புத்தகத்தில் ஏற முப்பது ஆண்டுகளாகின.

சர்ச்சையான முடிவு ஒன்றும் உண்டு. 1995இல் கெகல் அட்லாண்டிக் கரையிலுள்ள ப்ளூஃபீல்ட்ஸ் நகரில் ஒரு பள்ளி தொடங்கினார். மனாகுவாவின் காது கேளாத இளைஞர்கள் வந்து கற்பித்தார்கள். சைகை மட்டுமே பயிற்றுமொழி. ஏற்கெனவே நூலும் பாடத்திட்டமும் உள்ள அமெரிக்கச் சைகை மொழியைக் கொண்டுவந்து தராமல் இந்த இளம் மொழியை மட்டும் தந்தது ஆய்வுக்காகப் பிள்ளைகளைத் தனித்து வைப்பதாகும் என்று சிலர் குற்றம் சாட்டினார்கள். பெரிய மொழியைக் கொண்டுவந்தால் சின்ன மொழி அழிந்துவிடும் என்பது கெகலின் பதில். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. நான் கெகல் பக்கம் சாய்வேன், வேறு காரணத்துக்காக: ப்ளூஃபீல்ட்ஸ் பிள்ளைக்கு உடனடியாகத் தேவைப்பட்டது நூலகம் அல்ல, பேசிப் பழக ஆட்கள். அந்த ஆட்கள் மனாகுவாவில் இருந்தார்கள், அமெரிக்காவில் அல்ல.

எதை மாற்றியிருக்க வேண்டும்

பயிற்றுமொழியில் செய்த தவறு எல்லாரும் சொல்வது. அதைவிடச் சேர்க்கை வயதைத்தான் நான் முதலில் வைப்பேன். ஒரே பள்ளி, ஒரே மைதானம், ஒரே ஆசிரியர்கள். ஆறு வயதில் வந்தவருக்கும் பதினைந்தில் வந்தவருக்கும் கிடைத்த மொழி ஒன்றல்ல. கிராமங்களில் காது கேளாத குழந்தைகளைத் தேடிக் கண்டறிந்து ஐந்து வயதுக்குள் சேர்க்கும் ஏற்பாடு தொடக்கத்திலேயே இருந்திருந்தால், பாடத்திட்டம் எவ்வளவு மோசமாக இருந்திருந்தாலும் பலருக்குக் கூடுதலாகக் கிடைத்திருக்கும். எழுத்தறிவு இயக்கத்துக்காக மலைக்கிராமங்கள் வரை போன அதே இளைஞர்களிடம் இந்தக் கணக்கெடுப்பையும் ஒப்படைத்திருக்கலாம்.

வகுப்பில் வயதில் மூத்த சைகையாளர்களை நிறுத்துவதற்கு 1990கள் வரை காத்திருக்க வேண்டியதில்லை. 1980களின் தொடக்கத்திலேயே தொழிற்பள்ளி மாணவர்கள் இருந்தார்கள். ஸ்பானியத்தைக் கைவிட வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. சைகையில் மொழி ஊன்றிய பிறகு ஸ்பானிய எழுத்தைக் கற்பித்திருந்தால் விரலெழுத்துக்கு ஒட்டிக்கொள்ள ஓர் இடம் இருந்திருக்கும்.

பெற்றோரை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. பிள்ளை பள்ளியில் ஒரு மொழியைப் பெற்றுக்கொண்டு வீடு திரும்பினால் அங்கே பழைய வீட்டுச் சைகைதான். தாயால் அவனைத் தொடர்ந்து வர முடியவில்லை. இந்தியாவில் 2015இல் சைகை மொழி ஆய்வு, பயிற்சி மையம் தொடங்கினோம், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சைகை மொழிக்கு இடம் கொடுத்தோம். குழந்தையின் குறைபாடு தெரியவந்த வாரத்திலேயே பெற்றோருக்குச் சைகை கற்றுத்தர ஆள் அனுப்பும் ஏற்பாடு எத்தனை மாவட்டங்களில் இருக்கிறது என்று இதைப் படிக்கும் அலுவலர்கள் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக, பதிவு. 1977 முதல் 1986 வரையிலான ஒன்பது ஆண்டுகள்தான் இந்த நிகழ்வின் இதயம். அந்தக் காலத்தில் பிள்ளைகள் என்ன பேசினார்கள் என்பதை ஓரிரு படச்சுருள்களில் பிடித்து வைத்திருந்தால் பின்னால் எழுந்த பாதிச் சர்ச்சைகள் எழுந்திருக்காது. பிள்ளைகள் தங்களுக்குள் பேசுவது ஆசிரியருக்குப் புரியாமல் போகும் நாளில், அதைத் தடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் முன் யாராவது ஒரு கேமராவை எடுத்துவர வேண்டும்.